சுவையும் இசையும்: தன் நாவை நம்புதல் பற்றிய ஒரு குறிப்பு

திராட்சை மதுவைச் சுவைத்தல் பற்றி மேனாடுகளில் எழுதுவோர் அதனை இசை கேட்டலுடன் ஒப்பிடுவதுண்டு. இனிப்பும் புளிப்பும் துவர்ப்பும் சுரங்களைப் போல் இயைகின்றன என்பர். இசையில் ஈடுபட இலக்கணப் புலமை வேண்டாதவாறே மதுவைச் சுவைக்கவும் நிபுணர் வேண்டா, தன் நாவை நம்பினாற் போதும் என்பர். அதிகாரத்தை மறுக்கும் சனநாயகக் குரலாகவே இது ஒலிக்கின்றது. எனினும், ஒருவரது நா எந்த அளவுக்கு அவருடையது என்னும் வினா இங்கு எழுப்பப்படுவதில்லை.

இவ்வினாவுக்கு இசை பற்றிய ஆய்வுகளே ஒரு விடையைத் தந்துள்ளன. பிரித்தானிய உளவியலாளர் ஏட்ரியன் நோர்த்தும் அவருடன் பணியாற்றியோரும் 1997 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பேரங்காடியொன்றில் பிரெஞ்சு இசை ஒலித்த நாள்களில் பிரெஞ்சு மதுவும், ஜெர்மானிய இசை ஒலித்த நாள்களில் ஜெர்மானிய மதுவும் கூடுதலாக விற்பனையாயின. வாங்கியோரிற் பெரும்பாலோர் இசையின் செல்வாக்கை உணரவில்லை. 2012 இல் நோர்த் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், கார்ல் ஓர்ஃபின் கனத்த இசையைக் கேட்டவாறு அருந்தியோர் மதுவையும் கனமானதென மதிப்பிட்டனர். சுயவிருப்பெனத் தோன்றுவது, செவிவழி புகுந்த புறச்சக்தியின் விளைவாகவும் இருத்தல் கூடும்.

அவ்வாறாயின் நிபுணரை நம்பலாமா? 1855 இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கெனப் போர்தோ மதுத் தரகர்கள் வகுத்த தரவரிசை, சந்தை விலையையே பிரதான அளவுகோலாகக் கொண்டது. விலை, சுவையின் பெயரால் நிலைபேறு பெற்றது. 1976 மே 24 அன்று பாரிஸில், பெயர்ச்சீட்டுகள் மறைக்கப்பட்ட நிலையில் பிரெஞ்சு நடுவர்கள் சுவைத்தபோது, செம்மதுவிலும் வெண்மதுவிலும் கலிபோர்னிய மதுவே முதலிடம் பெற்றது. அந்நடுவர்களுடையது பயிற்சி பெற்ற நா என்பது மனங்கொளத்தக்கது. பெயர்ச்சீட்டின் ஆட்சி நீங்கியதும், அப்பயிற்சியே மரபான மதிப்பீட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

ஆகவே நிபுணரா, தன் நாவா என்னும் எதிர்நிலை போலியானது. ஐம்புலன்களின் உருவாக்கம் மனித வரலாறு முழுவதினதும் உழைப்பின் பயன் என இளம் மார்க்ஸ் 1844 இல் கண்டார். ரசனை வர்க்க நிலையுடன் பிணைந்திருப்பதையும், அவ்வேறுபாடு இயற்கையானதாகத் தோற்றங்கொள்வதையும் பியர் பூர்தியு 1979 இல் வெளியிட்ட நூலிற் பிரெஞ்சுச் சமூகத்தை ஆதாரமாகக் கொண்டு விளக்கினார். செவியைப் போலவே நாவும் பழக்கத்தினாலேயே கூர்மை பெறுகின்றது. அதற்கு வேண்டிய பொருளும் ஓய்வும், திராட்சை பறிக்கும் கூலித் தொழிலாளிக்கும் அம்மதுவை ஏலத்தில் எடுப்போனுக்கும் சமமாகக் கிட்டுவன அல்ல.

நாவின் அனுபவத்தையும் கலையின் அனுபவத்தையும் 'சுவை' என ஒரே சொல்லாற் குறிக்கும் தமிழில், இப்பிரச்சினை இலக்கியத் திறனாய்வுக்கும் நெருக்கமானது. 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்பதோடு நின்றுவிடும் ரசனை, தன்னை உருவாக்கிய சக்திகளை அறியாதது; தரப்பட்டியலை ஒப்புவிக்கும் புலமை, தன் அனுபவத்தையே கைவிட்டது. பெயரை மறைத்து, ஒன்றை மற்றொன்றுடன் ஒப்பிட்டு, தன் தீர்ப்புக்கான காரணங்களைப் பிறர் முன் வைத்துச் சோதிப்பவரே தன் நாவை நம்பும் உரிமையை ஈட்டிக்கொள்கிறார். அவ்வுரிமையைச் சிலரது சலுகை என்னும் நிலையிலிருந்து மீட்டு யாவர்க்கும் பொதுவாக்குதல் ஒரு சமூகப் பணியாகும்.