பிளக் முடுக்கும் பதம்

அலுமினிய ஹெட்டில் ஸ்பார்க் பிளக்கை எவ்வளவு முடுக்கலாம் என்ற கேள்விக்குப் பட்டறைகள் நெடுங்காலமாகக் 'கைப்பதம்' என்றே விடை சொல்லி வந்திருக்கின்றன. வார்ப்பிரும்பு ஹெட்டுகள் மிகுந்திருந்த நாட்களில் அந்த விடை பெரிதும் பழுதின்றிச் செல்லுபடியானதற்கு, கையின் சாமர்த்தியத்தைக் காட்டிலும் இரும்பின் சகிப்புத்தன்மையே காரணம் என்பது என் அபிப்பிராயம். அலுமினியம் மிருதுவானது, அளவு மீறி முடுக்கினால் எஃகு மரை பிழைத்துக்கொள்ள, ஹெட்டின் மரை உரிந்துவிடும்.

ஆகவே டார்க் ரென்ச் வந்தது. வாஷருள்ள 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன்-மீட்டர், 12 மி.மீ. பிளக்குக்கு 15 முதல் 20, நம் சிறு மோட்டார் சைக்கிள்கள் பலவற்றிலுள்ள 10 மி.மீ. பிளக்குக்கு 10 முதல் 12 என்று பிளக் தயாரிப்பாளர்கள் விதிக்கும் அளவுகளைப் பார்த்தால், பெரிய பிளக்கில் பழகிய கை சிறியதில் எளிதாகவே வரம்பு கடக்கும் என்பது விளங்கும். குறைவாக முடுக்குவதும் க்ஷேமமன்று. பிளக்கின் உஷ்ணம் பெரும்பாலும் மரையின் வழியாகவும் அடித்தளத்தின் வழியாகவுமே ஹெட்டுக்குச் செல்ல வேண்டியிருப்பதால், தளர்ந்த பிளக் தானே கனன்று, தீப்பொறிக்கு முன்பே எரிபொருளைப் பற்றவைத்து, பிஸ்டனையே உருக்கிவிடக் கூடும்.

இவ்வளவு உபகாரமான கருவிக்கும் ஒரு மூலதோஷம் உண்டு. நாம் வேண்டுவது பிளக் ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் பலம். ரென்ச் காட்டுவதோ சுழற்சிக்கு ஏற்படும் எதிர்ப்பு. அந்த எதிர்ப்பில் பெரும்பங்கு உராய்வுக்கே செலவாகி, சுமார் பத்தில் ஒரு பங்குதான் பிடிப்பாக மாறுகிறது. எனவே மரையில் 'ஆன்டி-சீஸ்' பசையைத் தடவிவிட்டு அதே எண்ணுக்கு முடுக்குபவர், எண்ணைக் காப்பாற்றி மரையை இழக்கிறார். முலாம் பூசிய மரைகளுக்குப் பசையே வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதும், தடவியே தீருவேன் என்பவர் அளவைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டியிருப்பதும் இதனாலேயே. கரி படிந்த மரையிலோ விபரீதம் தலைகீழாகும்: ரென்ச் 'கிளிக்' என்னும், பிளக் அமர்ந்திராது.

கையால் திருகி அமர்த்தியபின், புதிய 14 மி.மீ. வாஷர் பிளக்கை அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை திருப்பும் முறையைச் சிலர் பாமரத் தந்திரம் என்று இகழ்கிறார்கள். வாஷர் நசுங்குவதை நேரே அளப்பது அம்முறைதான் என்பதால், புதிய பிளக்கைப் பொறுத்தவரை நான் அதையே முதற் பிரமாணமாகக் கொண்டு, ரென்ச்சைச் சாட்சியாக வைப்பேன். ஆனால் ஏற்கனவே நசுங்கிய வாஷருக்குப் பன்னிரண்டில் ஒரு சுற்றும், வாஷரில்லாத கூம்பு வடிவப் பிளக்குக்குப் பதினாறில் ஒரு சுற்றுமே போதும் என்றால், அவ்வளவு நுண்ணிய திருப்பத்தில் கண் ஏமாறுவது சகஜம். அங்கே ரென்ச்சின் சொல்லே மேல். அந்த ரென்ச்சும் தக்கதாக இருக்க வேண்டும்: சக்கர நட்டுகளுக்கென வாங்கிய அரை அங்குல ரென்ச்சுகளில் பல 28 நியூட்டன்-மீட்டரில்தான் கணக்கையே தொடங்குகின்றன, 10 மி.மீ. பிளக்குக்கு அதை நம்புவதைவிட வெறுங்கை எவ்வளவோ தேவலை.