எழுபத்தேழு வாக்குகள்

விண்ணிலே பறக்கிறது விமானம்; அதைப் பறக்கவைக்கும் கரங்களோ வறுமையிலே வாடுகின்றன! பெட்டி சுமப்போர், எரிபொருள் நிரப்புவோர், சக்கர நாற்காலி தள்ளுவோர்—பயணிகளில் எத்தனை பேர் இவர்தம் முகத்தை நினைவில் வைத்திருப்பர்?

அம்முகங்களை நம் முன் நிறுத்துகிறது, ஜோனதன் ரோசன்ப்ளம் எழுதி 2017-இல் வெளிவந்த ஆங்கில நூல். 'பதினைந்து டாலருக்கு அப்பால்' என்பது அதன் தலைப்பின் பொருள். அமெரிக்காவின் சியாட்டில் நகரையடுத்த சீடாக் விமான நிலையத் தொழிலாளரின் கிளர்ச்சியே கதை. அதை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் ஆசிரியர். கரையில் நின்று வெள்ளத்தை வர்ணிப்பவரல்லர்; நீந்தியவர்!

2005-இல் அலாஸ்கா ஏர்லைன்ஸ், சங்கத்திலிருந்த பெட்டி சுமப்போர் ஏறத்தாழ 500 பேரை நீக்கிவிட்டு, அவ்வேலையைக் காண்டிராக்டரிடம் ஒப்படைத்தது. பெட்டியின் கனம் குறைந்ததா? இல்லை, கூலி குறைந்தது! முதலாளி காண்டிராக்டரைக் காட்டுவார், காண்டிராக்டர் முதலாளியைக் காட்டுவார். இடையிலே ஏமாந்து நிற்பவன் உழைப்பாளி.

2013 நவம்பரில் சீடாக் நகர மக்கள் வாக்களித்தனர். மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 9.19 டாலராக இருந்தபோது, 15 டாலரும் சம்பளத்துடன் நோய் விடுப்பும் கேட்டது தீர்மானம். ஏறத்தாழ 6,000 வாக்குகளில் 77 வாக்கு வித்தியாசத்தில் வென்றது! உடனே வழக்கு. விமான நிலையத்துக்கு இச்சட்டம் செல்லாது என்றது கீழ்மன்றம். செல்லும் என்று மாநில உச்சநீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது, 2015-இல்.

நூலின் துணைத் தலைப்பிலேயே சமயப் பணியாளருக்கு இடமளிக்கிறார் ஆசிரியர். பகுத்தறிவாளர் புருவம் நெரிப்பர். சோமாலியாவிலிருந்து வந்த இஸ்லாமியர் பலர் அத்தொழிலாளரிடையே இருந்தனர். அவர்கள் கூடிப் பேசப் பள்ளிவாசல் இடமாயிற்று. கூலியை உயர்த்தியது தொழுகையன்று, தொழுதவர்கள் கூடி அளித்த வாக்கு—இந்த வேறுபாட்டை ஆசிரியர் இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம். குறைதான்.

ஆனால் நண்பர்களே, நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம். தொழுபவனை எள்ளி நகையாடி ஒதுக்கியிருந்தால், அந்த 77 வாக்குகள் கிடைத்திருக்குமா? மூடநம்பிக்கையைச் சாடுவோம், அதைச் சுமப்பவனின் பசியை மறவோம். வாதத்தில் வென்று தோழனை இழப்பது பகுத்தறிவாகாது.

படியுங்கள் இந்நூலை. வெற்றிக்கு வேண்டியிருந்தவர் ஆயிரமாயிரம் வீரரல்லர். வீட்டிலே தங்கிவிடாமல் வந்து வாக்களித்த 77 பேர்!