கருவேல மேடு

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி வழியே நாங்குநேரிப் பக்கம் போனால் கூந்தன்குளம். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட குளம். எல்லோரும் கூழைக்கடாவையும் மஞ்சள் மூக்கு நாரையையும் பார்ப்பார்கள். எனக்கு அவை உட்கார்ந்திருக்கும் நாட்டுக் கருவேலம்தான் பேரழகு.

சீமைக் கருவேலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது அடிமரம் தண்ணீரில் நின்றாலும் தாங்கும். மேலே பரந்து விரியும் கவைகளில் சுள்ளிகள் வழுக்காமல் நிற்கும். சுற்றிலும் நீர் இருப்பதால் நாயும் பூனையும் கூட்டை நெருங்குவது கடினம். குளத்துக்குள் மண்மேடு போட்டு மரம் வைத்தால் வேருக்கும் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். எச்சம் சேர்ந்து சேர்ந்து சில மரங்கள் பட்டுப்போகும். ஆகவே புதுக் கன்று நடுவதை நிறுத்தவே கூடாது. அந்த எச்சம் கரைந்த தண்ணீர்தான் கூந்தன்குளத்து வயலுக்கு உரம்.

கூட்டுக்கு இடம் அமைத்துக் கொடுப்பது எவ்வளவு உதவும் என்பதற்கு வேறோர் உதாரணமும் உண்டு. பெர்முடா தீவில் கஹௌ என்ற கடற்பறவை அற்றுப்போனதாகவே நம்பப்பட்டது; 1951-இல் திரும்பக் கண்டார்கள். அதன் வளைகளை அதைவிடப் பெரிய வெப்பமண்டலப் பறவை பிடுங்கிக்கொண்டது. பறவைப் பாதுகாவலர் டேவிட் விங்கேட் அங்கே செயற்கை வளைகள் கட்டினார். வாசலில் கஹௌ மட்டும் நுழையும் அளவில் துளையிட்ட பலகையும் பொருத்தப்பட்டது. ஒரு துளையின் அளவு ஓர் இனத்தைக் காக்க உதவியது! எத்தனை நுட்பமான தச்சு வேலை.

நாமும் பறவைக்கு இடம் அமைத்துக் கொடுக்கலாம். நம் பக்கத்துக் குளங்களைத் தூர்வாரும்போது மண் முழுவதையும் கரையேற்றிவிடாதீர்கள். நடுவில் நாலைந்து மேடு விட்டு, கருவேலங்கன்று வையுங்கள்.