இளையோர் இசையிதழும் சிவகாசி அச்சும்

பதின்பருவத்தார்க்கென ஓர் இசையிதழை வடிவமைக்கப் புகுவார் முதற்கண் எடுத்து நோக்கத்தக்கது, திரையரங்க வாயில்களில் விற்ற பாட்டுப் புத்தகமே என்பது நம் கருத்து. 1931இல் தமிழ்ப் பேசும்படம் தோன்றியதை அடுத்த காலத்தில், அச்சிறுநூல் கதைச்சுருக்கத்தோடு பாடல்களையும், பலவிடத்து இராக தாளங்களையும் தந்தது. தாளோ மட்டம், எனினும் பல்லவி, சரணம் எனப் பகுத்து அச்சிட்டமையால், நிறுத்திப் பாடும் இடம் பக்கத்திலேயே புலனாயிற்று.

வண்ண அச்சுக்குப் பெயர்பெற்ற சிவகாசியின் மரபு வேறு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேண்டிய லேபிள்களே அவ்வூர் அச்சகங்களை வளர்த்தன. கடைத்தட்டில் ஒரு நொடியில் கண்ணைக் கவர்தல் லேபிளின் பணி. இதழின் அட்டைக்கு அக்கலை பொருந்தும், உட்பக்கத்துக்குப் பொருந்தாது. பாடகர் படம் பக்கத்தை நிறைக்க, பாடலாசிரியர் பெயர் மூலையில் ஒடுங்குமாயின், அஃது இசையிதழன்று. சுவரொட்டியை மடித்துத் தைத்ததேயாம்.

சிவகாசியில் 1886இல் பிறந்த விசுவநாததாஸ், மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய நாட்டுப்பற்றுப் பாடல்களை நாடகமேடையில் பாடியவர். மேடைப்பாட்டின் பொருட்டுச் சிறையும் புகுந்தவர். கைப்பேசியிற் பாட்டுக் கேட்கும் விருதுநகர் மாணவன் அவ்விருவர் பெயரையும் ஒரே பக்கத்தில், ஒத்த அளவு எழுத்தில் காணல் வேண்டும். பாடல் முழுமையும் இராகக் குறிப்போடு, அடி முறியாது கீழே நிற்றல் வேண்டும். படத்துக்கு எஞ்சும் இடத்தை அதன்பின் அளக்கலாம்.