வெறுங்கரையையும் எண்ண வேண்டும்

1973ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், பொங்கலன்று, தூத்துக்குடிக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவின் கரையில் 147 திமிங்கிலங்கள் வந்து ஒதுங்கின. அந்நாளில் அக்கரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல்தான். நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2016ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் இரவு, அதே கடற்கரையில், மணப்பாடு, கல்லாமொழி, திருச்செந்தூர்ப் பகுதிகளில் அதே இனத் திமிங்கிலங்கள் மீண்டும் கூட்டமாகக் கரையேறின. 81 ஒதுங்கின என்றும், அவற்றுள் 45 மாண்டன என்றும், எஞ்சியவற்றை மீனவர்களும் அதிகாரிகளும் கடலுக்குள் இழுத்து விட்டனர் என்றும் கணக்குச் சொல்லப்பட்டது. நூறுக்கும் மேல் என்று எழுதிய செய்தித்தாள்களும் உண்டு.

இவை பைலட் திமிங்கிலம் எனப்படும் இனம். கூட்டம் முழுவதும் ஒரு வழிகாட்டியின் பின்னே செல்கிறது என்று எண்ணி மாலுமிகள் இட்ட பெயர் இது. உண்மையில் இது ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய விலங்கு. ஆழ்கடலில் கணவாய்களை வேட்டையாடி வாழ்வது. ஆழமற்ற கரைக்கு வந்து சிக்கிக்கொண்டால், தோழர்களை விட்டுப் பிரியாத இயல்பே கூட்டம் முழுவதற்கும் ஆபத்தாகிவிடுகிறது.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்த செய்தி. இனி ஒரு கேள்வி. 1973க்கும் 2016க்கும் இடைப்பட்ட அந்த நாற்பத்து மூன்று ஆண்டுகளில் இக்கரையில் எத்தனை ஓங்கில்கள், எத்தனை ஆமைகள், எத்தனை கடற்பறவைகள் செத்து ஒதுங்கின? இதற்கு நம்மிடம் திருத்தமான விடை இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அறிஞர்கள் 1973ஆம் ஆண்டு நிகழ்ச்சியை ஆய்விதழில் முறையாக எழுதி வைத்தனர். பிற்காலத்திலும் இங்கொரு திமிங்கிலம், அங்கொரு கடற்பசு என்று குறிப்புகள் வந்துள்ளன. அவற்றின் மதிப்பைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால் அவை யாரோ ஒருவர் கண்ணில் பட்டதால் எழுதப்பட்டவை. யார் கண்ணிலும் படாத நாள்களைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

மழைமானி தரும் பாடம்

இந்தக் குறை எத்தகையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நம் நாட்டில் மழைமானி உள்ள ஊர்களில் நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மழையளவைக் குறிக்கிறார்கள். மழை பெய்யாத நாளிலும் ஏட்டில் பூச்சியம் எழுதுகிறார்கள். அம்பாசமுத்திரத்து மழைமானிக்காரர் வெள்ளம் வந்த நாள்களில் மட்டும் ஏட்டைத் திறப்பவராக இருந்தால் என்ன ஆகும்? அவ்வூரின் சராசரி மழையை நீங்கள் கணக்கிட முடியுமா? இவ்வாண்டு மழை கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியுமா? நம் கடற்கரையின் ஏடு இப்போது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. வெள்ளம் எழுதப்பட்டிருக்கிறது, வறண்ட நாள்கள் எழுதப்படவில்லை.

முறையான கரைக் கணக்கெடுப்பு இதற்கு நேர்மாறானது. அமெரிக்காவின் பசிபிக் கரையில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வழிகாட்டுதலில், 1990களின் இறுதி முதல் தன்னார்வத் தொண்டர்கள் இப்பணியைச் செய்து வருகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பிட்ட கரைப்பகுதி உண்டு. மாதந்தோறும் அதே பகுதியில் நடக்கிறார்கள். இறந்த பறவையைக் கண்டால் காலின் அமைப்பைப் பார்த்து, அலகையும் சிறகையும் அளந்து, அளவுகோலுடன் படம் எடுக்கிறார்கள். அதையே அடுத்த மாதமும் எண்ணிவிடாதிருக்க, சிறகில் வண்ண நாடா கட்டி அங்கேயே விட்டுவிடுகிறார்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் 'ஒன்றும் இல்லை' என்று எழுதுகிறார்கள்.

இந்த எளிய பழக்கத்தின் பயன் 2015-16இல் தெரிந்தது. அப்போது பசிபிக் கடலின் வடகிழக்குப் பகுதி வழக்கத்தை மீறி வெப்பமடைந்திருந்தது. கலிபோர்னியா முதல் அலாஸ்கா வரை, 'மர்' எனப்படும், நீரில் மூழ்கி மீன் பிடிக்கும் கடற்பறவைகள் பட்டினியால் மெலிந்து செத்து ஒதுங்கின. கரையில் காணப்பட்டவை ஏறத்தாழ 62,000. முந்தைய ஆண்டுகளின் வழக்கமான எண்ணிக்கை கையில் இருந்ததால், இது இயல்பான சாவு அன்று என்று ஐயமின்றிச் சொல்ல முடிந்தது.

பிணக்கணக்கின் எல்லை

ஆனால் இம்முறையின் குறையையும் நாம் மறைக்கக் கூடாது. அதே மர் பறவைகள் கூடு கட்டும் இடங்களில் உயிருள்ளவற்றை எண்ணிப் பார்த்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. அலாஸ்காவில் மட்டும் ஏறத்தாழ 40 லட்சம் பறவைகள், அதாவது அங்கிருந்தவற்றில் பாதி, மாண்டுவிட்டன என்று அது காட்டியது. 62,000 எங்கே, 40 லட்சம் எங்கே! பெரும்பாலான உடல்கள் கடலிலேயே அமிழ்ந்தோ இரையாகியோ போகின்றன. ஆகவே கரைக்கு வந்த உடல்களின் எண்ணிக்கையை இறந்தவற்றின் தொகையாகக் கொள்வது பெரும் பிழை. அது ஏற்ற இறக்கம் காட்டும் ஓர் அடையாளம், அவ்வளவே.

காற்றும் இந்தக் கணக்கில் புகுந்து விளையாடும். திருச்செந்தூர்க் கரை கிழக்கு நோக்கியது. கொண்டல் வீசும் காலத்தில் மிதக்கும் பொருள் கரையை நாடும். கச்சான் வீசும் காலத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து வரும் காற்று அதைக் கடலுக்குள் தள்ளும். எனவே ஆடி மாதத்தில் கரை வெறுமையாக இருந்தால், கடலில் எதுவும் சாகவில்லை என்று பொருளாகாது. காற்றின் திசையைக் குறிக்காத கணக்கெடுப்பு பாதிக் கணக்கெடுப்புத்தான்.

ஏன் இந்தக் கவலை?

செத்த பறவையை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். வளைகுடாவின் மறுகரையில் நடந்ததைப் பாருங்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்தது, பின்னர் மூழ்கியது. ரசாயனங்களும் கோடிக்கணக்கான பிளாஸ்டிக் குருணைகளும் கடலில் கலந்தன. ஜூன் இறுதிக்குள் 176 ஆமைகள், 20 ஓங்கில்கள், 4 திமிங்கிலங்கள் செத்து ஒதுங்கியதாக நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஆனால் அது தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்குக் கரையை நோக்கி வீசும் காலம். கப்பல் எரியாத ஆண்டுகளிலும் அப்போது சில உடல்கள் ஒதுங்கும். அப்படியானால் இவற்றில் கப்பலால் இறந்தவை எத்தனை? முந்தைய ஆண்டுகளின் ஒழுங்கான கணக்கு இருந்தால் ஒழிய இக்கேள்விக்குத் தெளிவான விடை தர இயலாது.

2025 மே மாதம் கொச்சிக்கு அருகே 'எம்.எஸ்.சி. எல்சா 3' மூழ்கியபோது, அதன் பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரைக்கும் வந்து சேர்ந்தன. கன்னியாகுமரிக்கும் மணப்பாட்டுக்கும் தூரம் அதிகமில்லை. இத்தகைய விபத்து நம் கரையில் நேர்ந்தால், இழப்பை மெய்ப்பிக்க நாம் எந்த ஏட்டைக் காட்டுவோம்?

கணக்கு இருந்தால் வரும் வலிமைக்குச் சான்று சென்னையில் இருக்கிறது. அங்கு மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் பருவந்தோறும் இரவில் கரை நடந்து வருகிறது. முட்டைகளைக் காப்பதோடு செத்த ஆமைகளையும் குறித்து வருகிறது. 2025 ஜனவரியில் சென்னைப் பகுதிக் கரைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, இது வழக்கத்தை மிஞ்சியது என்று சொல்ல அந்த நடை துணை நின்றது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது; இழுவை வலைகளைப் பற்றிய கேள்வி எழுந்தது.

நெல்லைச் சீமையில் ஆள் இல்லையா?

உண்டு. 2011 முதல் ஜனவரிதோறும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையமும் பிற அமைப்புகளும் நடத்தும் இதில் மாணவர்களும் ஆசிரியர்களும் பிறரும் தொலைநோக்கியோடு நயினார்குளம் போன்ற குளக்கரைகளில் நிற்பதைக் காணலாம். பாராட்டத்தக்க பணி. ஆயினும் அது குளத்தில் உயிரோடு இருக்கும் பறவைகளுக்கான கணக்கு. ஆண்டுக்கு ஒரு முறை நடப்பது. பொதிகையில் பிறந்த ஆறு புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. அந்தக் குளக்கரைப் பழக்கத்தை ஆற்றோடு கடற்கரை வரை கொண்டு செல்வதே நாம் வேண்டுவது.

இதில் மீனவர்களை விட்டுவிட்டால் பயன் இல்லை. முதலில் உடலைக் காண்பவர்கள் அவர்கள். ஆனால் ஓங்கில், திமிங்கிலம், கடற்பசு ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளவை. தற்செயலாக வலையில் சிக்கி இறந்ததைச் சொன்னாலும் வழக்கு வருமோ என்ற அச்சம் நியாயமானதே. கணக்கெடுப்போர் கேட்க வேண்டியது எங்கே, எப்போது, எது என்பதை மட்டுமே; யாருடைய வலை என்பதை அன்று. இந்த நம்பிக்கை ஏற்படாதவரை கடல் தன் சாவுகளை மறைத்துக்கொண்டே இருக்கும்.

நீங்கள் தொடங்க விரும்பினால் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. மாறாத இரு அடையாளங்களுக்கு இடையே ஒரு கிலோமீட்டர் கரையைத் தேர்ந்துகொள்ளுங்கள். மாதம் ஒரு முறை இருவராக நடங்கள். நாள், நேரம், காற்றின் திசை, நடந்த தூரம், கண்ட உடல்கள் ஆகியவற்றை எழுதுங்கள். அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். இனம் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயர் ஏட்டையே கெடுத்துவிடும். உடலைத் தொடாதீர்கள். 2022-23இல் தென் அமெரிக்கக் கரைகளில் கடற்பறவைகளையும் கடற்சிங்கங்களையும் கொன்ற பறவைக் காய்ச்சல் போன்ற நோய்கள் உடல்களில் இருக்கக்கூடும். பெரிய விலங்கானால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

முதல் மாதம் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். இரண்டாம் மாதமும் அப்படியே ஆகலாம். அப்போது சலித்து நின்றுவிடாமல், ஏட்டில் பூச்சியம் எழுதிவிட்டு மூன்றாம் மாதமும் செல்லுங்கள். மீண்டும் ஒரு ஜனவரியில் மணப்பாட்டுக் கரையில் திமிங்கிலங்கள் ஒதுங்கினால், ஊகம் சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பூச்சியங்கள்தாம் உதவும்.