இரவுத் தகட்டின் பள்ளிகள்

மேல்வரிசைப் பற்களைக் கச்சிதமாகக் கவ்வி உட்காரும் ஓர் அக்ரிலிக் தகடு. கடைவாய்ப் பக்கம் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் கனம். இரவில் மாட்டிக்கொண்டு காலையில் கழற்றிக் கழுவி டப்பாவில் போட்டுவிடலாம். நோயாளிகள் நைட் கார்டு என்கிறார்கள். பல் மருத்துவர்கள் நாங்கள் ஸ்ப்ளின்ட் என்கிறோம். பல்லை நறநறவென்று கடிப்பவருக்கும், காலையில் தாடை இறுகிப்போய் வாயைத் திறக்கச் சிரமப்படுகிறவருக்கும் எழுதிக் கொடுப்பது இதைத்தான். பார்வைக்கு இவ்வளவு எளிய இந்தப் பொருளை வைத்து நூறு ஆண்டுக்கு மேலாகப் பல் மருத்துவ உலகம் சண்டை போட்டிருக்கிறது. தாடை எந்த இடத்தில் நின்றால் வலி தீரும் என்று கேட்டால் சிந்தனைப் பள்ளிக்கு ஒரு பதில் வந்தது. அந்தப் பதில்களில் பல இன்று உதிர்ந்துவிட்டன. தகடு மட்டும் உதிரவில்லை. எதனால் அது தப்பியது என்று புரிந்துகொள்ளாமல் நல்ல தகடு எது, கெட்ட தகடு எது என்று சொல்ல முடியாது என்பதால்தான் இந்தப் பள்ளிகளை வரிசையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தொடக்கம் வியன்னாவில். 1901-இல் மோரிட்ஸ் கரோலி என்ற பல் மருத்துவர், ஈறில் சீழ்பிடித்துப் பல் ஆடுகிற நோயாளிகள் பலர் இரவில் பல்லைக் கடிக்கிறவர்களாக இருப்பதைக் கவனித்து எழுதினார். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஒரு தடுப்பு வைத்தால் அந்த விசை தணியும் என்பது அவர் எண்ணம். அக்ரிலிக் வராத காலம் அது. பல்செட்டுக்குப் பயன்பட்ட கடின ரப்பர்தான் கையில் இருந்த பொருள். ஈறு நோய்க்குக் காரணம் பல் கடிப்பதே என்ற அவருடைய விளக்கத்தை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை. தடுப்பு வைக்கலாம் என்ற யோசனை மட்டும் தங்கிவிட்டது.

அடுத்த பெரிய குரல் ஒரு காது மூக்குத் தொண்டை மருத்துவருடையது. செயின்ட் லூயிஸ் நகரின் ஜேம்ஸ் காஸ்டன் 1934-இல் பதினொரு நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காதடைப்பு, காதிரைச்சல், தலைசுற்றல், தாடை வலி எல்லாம் அவர்களுக்கு இருந்தன. கடைவாய்ப்பல் போனவர்களுக்குத் தாடை அளவுக்கு மீறி மூடிக்கொள்கிறது, தாடை எலும்பின் தலை பின்னால் நகர்ந்து காதருகே உள்ள நரம்பை அழுத்துகிறது என்று அவர் காரணம் கண்டார். கடியை உயர்த்தினால் குணமாகும் என்று நம்பி, அமெரிக்கா முழுவதும் தகடு வைத்தும் பல்லுக்குத் தொப்பி போட்டும் கடியை உயர்த்தினார்கள். உடற்கூற்றியல் அறிஞர் ஹாரி சிக்கர் 1948-இல் அந்த மூட்டைப் பிரித்துக் காட்டி, காஸ்டன் சொன்னபடி நரம்பு நசுங்க வழியில்லை என்று எழுதினார். இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தகடு வைத்து உயர்த்தியவர்கள் மறுநாளே அதைக் கழற்றிவிட முடிந்தது. ஆரோக்கியமான பல்லைச் செதுக்கித் தொப்பி போட்டு உயர்த்தியவர்களுக்குத் திரும்பிப் போக வழியே இல்லை. தவறு இரண்டு பேருக்கும் ஒன்றுதான், விலை ஒன்றல்ல.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நார்வேயில் பிறந்த சிகுர்ட் ராம்ஃப்யோர்டும் மேஜர் ஆஷும் சேர்ந்து அமைத்த பள்ளியே என் மனத்துக்கு மிக நெருக்கமானது. 1961-இல் ராம்ஃப்யோர்ட் பல் கடிப்பவர்களின் தசை மின்னியக்கத்தை இ.எம்.ஜி. கருவியால் பதிவு செய்து ஆய்வு வெளியிட்டார். இருவரும் எழுதிய ‘அக்லூஷன்’ பாடநூல் 1966-இல் வந்தது. மிச்சிகன் தகடு கடினமானது. மேல்பல் முழுவதையும் மூடுவது. கடிக்கும் பரப்பு தட்டையானது. கீழ்ப்பற்களின் முனைகள் எல்லாம் அந்தத் தட்டையில் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் தொட வேண்டும். கீழ்க் கோரைப்பல்லுக்கு எதிரே மட்டும் ஒரு சிறு சரிவு. தாடை பக்கவாட்டில் நகர்ந்தால் கோரைப்பல் அந்தச் சரிவில் ஏறி, கடைவாய்ப்பற்களைத் தகட்டிலிருந்து பிரித்துவிடும். இவ்வளவுதான். இந்த வடிவத்தில் உள்ள அடக்கத்தைப் பாருங்கள்: தாடை இங்கேதான் வந்து நிற்க வேண்டும் என்று தட்டையான பரப்பு கட்டளையிடுவதில்லை. நிற்கும் இடத்தைத் தாடையின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறது.

மற்றப் பள்ளிகள் கட்டளையிட்டன. ஃப்ளோரிடாவின் பீட்டர் டாசன், நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து இரு கைகளாலும் தாடையைப் பிடித்து, சென்ட்ரிக் ரிலேஷன் என்னும் நிலைக்குக் கொண்டுவரக் கற்றுக்கொடுத்தார். 1974-இல் வந்த அவருடைய நூலைப் படிக்காத புரோஸ்தடான்டிக்ஸ் (செயற்கைப் பல் துறை) மாணவர் குறைவு. அந்தக் கைப்பழக்கம் மிக அருமையானது; தகட்டைப் பொருத்தும்போது இன்றைக்கும் உதவுகிறது. ஆனால் தாடை எலும்பின் தலை குழிக்குள் எங்கே இருந்தால் அது சென்ட்ரிக் ரிலேஷன் என்பதே நிலையாக இருக்கவில்லை. மிகவும் பின்னால் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த புரோஸ்தடான்டிக்ஸ் அகராதி, 1987 பதிப்பில் மேலேயும் முன்னேயும் என்று மாற்றிக்கொண்டது. நோயாளிகளின் தாடை ஒன்றும் அந்த ஆண்டில் இடம் மாறிவிடவில்லை. சியாட்டிலின் பெர்னார்ட் ஜாங்கல்சன், மின்துடிப்பால் தசையைத் தளர்த்திவிட்டு, அது காட்டும் இடமே சரி என்றார். நியூயார்க்கின் ஹெரால்ட் கெல்ப், கீழ்க் கடைவாய்ப்பற்களை மட்டும் மூடும் தகட்டால் தாடையை முன்னும் கீழும் இறக்கினார். இரு பள்ளிகளுக்கும் இன்றும் பற்றுள்ள மாணவர்கள் உண்டு. பாதிப் பல்லை மட்டும் மூடும் தகட்டை மாதக்கணக்கில் போட்டால், மூடிய பல் அமுங்கும், மூடாத பல் எழும்பும், கடி கலைந்துபோகும். இதனால் கெல்ப் வழியை என்னால் பரிந்துரைக்க முடிவதில்லை. முன்பற்களை மட்டும் தொடும் சின்னத் தகடுகளுக்கும் இதே ஆட்சேபம் பொருந்தும். சில வாரங்களுக்கு, நெருங்கிய கண்காணிப்போடு என்றால் வேறு விஷயம்.

அலபாமாவின் வில்லியம் ஃபேரர் வழியை இன்னும் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் பின்னால் இருந்த கவனிப்பு உண்மையானது. தாடை எலும்பின் தலைக்கும் குழிக்கும் நடுவே ஒரு நார்த்தட்டு இருக்கிறது, தலையில் வைத்த தொப்பி மாதிரி. சிலருக்கு அது முன்னால் வழுக்கி நின்றுவிடும். வாயைத் திறக்கும்போது எலும்பு அதன் அடியில் மறுபடி ஏறுகிற இடத்தில் ‘டொக்’ என்று சத்தம் வரும். 1970-களின் தொடக்கத்தில் ஃபேரர் இதைத் தெளிவாக விளக்கி, தாடையை முன்னால் நிறுத்திவைக்கும் சரிவுள்ள தகட்டைப் பரப்பினார். போட்ட அன்றே டொக் சத்தம் நின்றது, வலியும் பலருக்குக் குறைந்தது. இரவும் பகலும் மாதக்கணக்கில் போட்டிருந்துவிட்டுக் கழற்றியபோதுதான் சிக்கல் தெரிந்தது: பலருக்குச் சத்தம் திரும்பியது, சிலருக்குக் கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று தொடவே இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப முழு வாய்க்கும் தொப்பி, அல்லது கம்பி. வலியில்லாத டொக் சத்தத்துக்குச் சிகிச்சையே தேவையில்லை என்று இன்று நாங்கள் தைரியமாகச் சொல்வது, அந்தத் தலைமுறை நோயாளிகள் பட்ட பாட்டால் கிடைத்த அறிவு.

இத்தனை பள்ளிகளையும் ஒருசேரக் கேள்வி கேட்டது சிகாகோ. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் லாஸ்கினும் சார்லஸ் கிரீனும் 1972-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று வகைத் தகடுகளை ஒப்பிட்டார்கள். ஒன்று முழுப்பல்லையும் மூடுவது. ஒன்று முன்பல்லில் மட்டும் மேடை. மூன்றாவது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கடியைத் தொடவே தொடாத தகடு. முழுத்தகடுதான் அதிகம் பேருக்கு உதவியது. ஆனால் கடியைத் தொடாத தகட்டிலும் ஏறக்குறைய ஐந்தில் இருவருக்கு வலி குறைந்தது. 1976-இல் இன்னும் துணிந்தார்கள். 25 நோயாளிகளுக்குக் கடியைச் சரிசெய்வதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். கடிக்கும் பரப்பில் கைவைக்கவில்லை. 16 பேருக்கு வலி முற்றிலுமோ பெரும்பாலுமோ போய்விட்டது. இதைக் கேட்டுக் கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வரவில்லை. தசை வலி தானாகவும் தணியும், நம்பிக்கையாலும் தணியும், உட்கார வைத்து விளக்கிச் சொன்னாலும் தணியும் என்றால், பல்லைத் தேய்ப்பதற்கு முன் இவற்றை முயல்வது மருத்துவரின் கடமை.

பல் கடிப்பதைப் பற்றியும் எண்ணம் மாறிவிட்டது. குழந்தை பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று நம் வீடுகளில் சொன்னோம்; கடி சரியில்லாததால் என்று பல் கல்லூரிகளில் சொன்னோம். மான்ட்ரியலில் ஜில் லவீன் குழுவினர் தூக்கப் பதிவுகளில் கண்டது வேறு: தூக்கம் நொடிப்பொழுது கலைகிற தருணத்தில், இதயத்துடிப்பு ஏறி, அதைத் தொடர்ந்து மெல்லும் தசைகள் தாளகதியில் சுருங்குகின்றன. அதாவது பல் கடிப்பதன் வேர் மூளையிலும் தூக்கத்திலும் இருக்கிறது; பல்லில் இல்லை. 2018-இல் வந்த பன்னாட்டு ஒருமித்த அறிக்கை, தூக்கத்தில் கடிப்பதையும் விழித்திருக்கும்போது கடிப்பதையும் தனித்தனியாகப் பிரித்தது. வேறு குறையில்லாத மனிதரிடம் அதை நோயென்றே கருத வேண்டியதில்லை என்றும் சொன்னது. அப்படியானால் தகடு கடிப்பதை நிறுத்துமா? ஜப்பானில் 2006-இல் ஆறு வாரம் கவனித்த ஆய்வில், போட்ட உடனே தசை இயக்கம் குறைந்தது. இரண்டு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. தகடு போட்டவரும் கடிக்கிறார், ஆனால் தகட்டைக் கடிக்கிறார். தேய்வது அக்ரிலிக், எனாமல் அல்ல. நோயாளியிடம் இவ்வளவைத்தான் வாக்குக் கொடுக்க வேண்டும்.

எந்தப் பள்ளியின் பெயரைச் சொன்னாலும், தரம் தெரிவது பொருத்தும் நாளில்தான். அளவெடுத்து, ஜிப்சம் அச்சு வார்த்து, தாடை அசைவைப் போலச் செய்யும் ஆர்ட்டிகுலேட்டரில் ஏற்றி, லேபில் செய்து வந்த தகடு வாயில் ஆடாமல் உட்காருகிறதா என்பது முதல் சோதனை. ஒரு பக்கத்தை விரலால் அழுத்தினால் மறுபக்கம் எழும்பக் கூடாது. பிறகு நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, பல் தொடும் இடத்தில் புள்ளி விழவைக்கும் நீல ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பரை நடுவே வைத்துப் பல்லால் தட்டச் சொல்கிறோம். முதல் தட்டில் அநேகமாக இரண்டு மூன்று இடத்தில்தான் புள்ளி விழும். அந்தப் புள்ளியை மட்டும் பர் வைத்து மெல்லத் தேய்க்கிறோம். மறுபடி தட்டச் சொல்கிறோம். புள்ளிகள் நான்காகும், ஏழாகும், கடைசியில் இருபுறமும் சமமாகப் பரவும். அடுத்து சிவப்புப் பேப்பர். பக்கவாட்டில் நகர்த்தச் சொன்னால் கோரைப்பல் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு விழ வேண்டும், கடைவாயில் சிவப்பு தெரிந்தால் அதை எடுக்க வேண்டும். பிறகு மெருகு. இதை அவசரப்பட்டுச் செய்ய முடியாது. இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னால் புள்ளிகள் இடம் மாறியிருக்கும், ஏனென்றால் இறுகியிருந்த தசை தளர்ந்து தாடை நகர்ந்திருக்கும். மறுபடி சரிசெய்ய வேண்டும். வாயில் வைத்துப் பார்த்து ‘நல்லா இருக்கா’ என்று கேட்டு அனுப்பிவிடுகிறவர் எந்த மேதையின் பெயரைச் சொன்னாலும் எனக்கு அவர் செய்தது தகடு அல்ல.

பொருளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மெத்தென்ற தகடு நோயாளிக்குப் பிடிக்கும், செலவும் குறைவு. ஜெஃப்ரி ஓக்கசன் 1987-இல் பத்துப் பேரிடம் பார்த்தபோது, கடினத் தகடு எட்டுப் பேருக்கு இரவுத் தசை இயக்கத்தைக் குறைத்தது. மெத்தென்றதோ ஐந்து பேருக்குக் கூட்டியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் மெத்தென்ற பரப்பைத் தேய்த்துப் புள்ளிகளைச் சமமாக்குவது எவ்வளவு கடினம் என்று கையால் செய்தவர்களுக்குத் தெரியும். கடையில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்ளும் வகையில் அந்தச் சமநிலைக்கு வழியே இல்லை. ஸ்கேன் செய்து கணினியில் வரைந்து கட்டையிலிருந்து செதுக்கும் தகடுகள் மிக நன்றாகப் பொருந்துகின்றன; தேய்க்கும் நேரம் குறைகிறது. குறைகிறது என்றால் இல்லாமல் போகிறது என்று பொருளில்லை.

2023-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டுதல் எங்களில் பலரைச் சுட்டது. நாள்பட்ட தாடை வலிக்கு முதலில் செய்ய வேண்டியவை என்று அது பயிற்சியாளர் மேற்பார்வையில் தாடைப் பயிற்சியையும், தசைப் பிடிப்பைக் கையால் நீவி எடுப்பதையும், மன அணுகுமுறையை மாற்றும் சிகிச்சையையும் முன்வைத்தது. கழற்றக்கூடிய தகடுகளைக்கூட வலிக்காகத் தருவதற்கு எதிராகத்தான், நிபந்தனையோடு, பரிந்துரைத்தது. திரும்பப்பெற முடியாத சிகிச்சைகளை உறுதியாகவே மறுத்தது. இதை மாநாட்டுக்கு மாநாடு மறைத்துப் பேசுவது தொழிலுக்கு அழகில்லை. பல் தேய்வதைத் தடுக்கத் தகடு. வலிக்கு முதலில் விளக்கமும் பயிற்சியும், பகலில் பல்லோடு பல் சேராமல் உதடு மட்டும் மூடியிருக்கும் பழக்கமும். அதற்குப் பிறகும் வலி நீடித்தால் துணைக்கு ஒரு தகடு. நான் மாணவர்களுக்குச் சொல்லித்தருவது இந்த வரிசையைத்தான்.

தகடு எழுதுவதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை எங்கள் பழைய பள்ளிகள் எதுவும் கேட்கவில்லை: குறட்டை விடுகிறீர்களா, பகலில் தூக்கம் தள்ளுகிறதா? தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயுள்ள பத்துப் பேருக்கு மேல்தகடு போட்டு 2004-இல் மான்ட்ரியலில் பதிவு செய்தபோது சிலருக்கு மூச்சுத்தடை கூடியது. அப்படிப்பட்டவருக்கு மேல்தகடு போடும் முன் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தாடையை முன்னிழுத்து மூச்சுப்பாதையைத் திறக்கும் கருவி அவருக்குத் தேவைப்படலாம். அது வேறு கருவி, அதன் அளவுகோல்களும் வேறு.