கணவன் முகத்தில் ஒரு விருந்தாளி

வேற்றுக்கிரகத்து ஆசாமி பூமிக்கு வந்து காதலிக்கும் படங்களில் ஒரு தில்லுமுல்லு உண்டு, கவனித்திருப்பீர்கள். ஆசாமி எப்படியோ மனித உருவில், அதுவும் லட்சணமாக இருப்பான். ஜான் கார்ப்பென்டரின் 'ஸ்டார்மேன்' (1984) அந்தத் தில்லுமுல்லையே கதையாக்கியது.

வாயேஜர்-2 சுமந்துபோன தங்க இசைத்தட்டை அழைப்பிதழாக எடுத்துக்கொண்டு வருகிறவனை அமெரிக்கா ஏவுகணையால் வரவேற்கிறது. விஸ்கான்சினில் விழுந்தவன், இளம் விதவை ஜென்னியின் ஆல்பத்தில் இருக்கும் கணவனின் முடியிலிருந்து அவன் உருவையே எடுத்துக்கொள்கிறான். (வெட்டின முடியில் வேர் இல்லையே, முழு டி.என்.ஏ. ஏது என்றெல்லாம் கேட்காதீர்கள்.) மூன்று நாளில் அரிசோனாவின் விண்கல் பள்ளத்துக்குப் போய்ச் சேராவிட்டால் சாவு. கார்ப் பயணம்.

ஜெஃப் பிரிட்ஜஸ் பறவை மாதிரி தலையை வெட்டி வெட்டித் திருப்பி, உடம்பை வாடகைக்கு எடுத்தவன் போல நடிக்கிறார். ஆஸ்கர் நாமினேஷன் கிடைத்தது. மஞ்சள் விளக்கு என்றால் இன்னும் வேகமாகப் போகணும் என்பதை ஜென்னி ஓட்டுவதைப் பார்த்தே கற்றுக்கொள்கிறான்!

ராணுவத் துரத்தல் அலுப்பு. ஆனால், ஜென்னி காதலிப்பது யாரை? முகம், போனவனுடையது. செத்த மானை எழுப்பும் பரிவு, வந்தவனுடையது. கணவனுக்கு இன்னொரு முறை, நிதானமாக, விடைகொடுக்கிறாள்.

'ஈ.டி.'யை விட்டுவிட்டு இதை எடுத்த கொலம்பியா வசூலில் ஏமாந்தது. யாரையாவது பறிகொடுத்தவர்கள் ஏமாறவில்லை.